வேட்டைக்கு மலிவு விலையில் லேசர் ரேஞ்ச்ஃபைண்டர்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கூடாது

ரேஞ்ச்ஃபைண்டர் என்பது இலக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று லேசர் ஒளியால் அளந்து சொல்லும் கைக்கருவி. அதைப் பற்றி வந்த கேள்வி இது: "மான் வேட்டைக்கு முதல் முறையாக ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கப் போகிறேன். பெரும்பாலும் ரைஃபிள்தான், பருவத் தொடக்கத்தில் சில நாட்கள் வில். கையில் இருக்கும் பணம் கொஞ்சம். 700 யார்டு (கெஜம்), 1000 யார்டு, 1500 யார்டு என்று பெட்டிக்குப் பெட்டி ஓர் எண் போட்டிருக்கிறார்கள். இன்னும் சில மாதம் பொறுத்து 1500 வாங்கட்டுமா? தம்பியிடம் ஒரு கோல்ஃப் ரேஞ்ச்ஃபைண்டர் சும்மா கிடக்கிறது, அதுவே போதுமா?"

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். பொறுக்க வேண்டாம். பெயர் தெரிந்த நிறுவனம் ஒன்றின் 1000 யார்டு வகை, 6 மடங்கு உருப்பெருக்கம், சிவப்பு எழுத்தில் ஒளிரும் திரை, புதருக்குப் பின்னால் இருப்பதை அளக்கும் வசதி, சாய்வுக் கணக்கு. இவ்வளவும் உள்ள கருவி, அதுவும் முந்தைய ஆண்டின் மாடலாகக் கிடைத்தால், உங்கள் தேவைக்குத் தாராளம். தம்பியின் கோல்ஃப் கருவியைப் பற்றிப் பிறகு வருகிறேன், அதில் ஒரு சிக்கல் இருக்கிறது.

கடைக்குப் போவதற்கு முன் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மிருகத்தின் மீது எவ்வளவு தூரத்திலிருந்து சுடுவீர்கள்? சுட ஆசைப்படும் தூரத்தைச் சொல்லாதீர்கள். காற்று வீசும் நாளில், மூச்சு வாங்கிக்கொண்டு, பையின் மீது துப்பாக்கியைச் சாய்த்துச் சுடும்போதும் தவறாது என்று நம்பும் தூரத்தைச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்களுக்கு அது 300 யார்டைத் தாண்டாது. எனக்கும் தாண்டாது.

.308 வின்செஸ்டர் போன்ற சாதாரண மான் வேட்டைத் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். துப்பாக்கியின் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பை 200 யார்டுக்குச் சரிசெய்து வைத்திருந்தால், 250 யார்டு வரை தோட்டா சில சென்டிமீட்டர்தான் ஏறி இறங்கும். மானின் நெஞ்சுக்கு நடுவில் குறி வைத்தால் போதும், கருவியே தேவையில்லை. 300 யார்டில் சுமார் 20 சென்டிமீட்டர் கீழே போகும். 400 யார்டில் சுமார் 60 சென்டிமீட்டர். இந்த 300க்கும் 400க்கும் நடுவில்தான் கண்மதிப்பு நம்மைக் கவிழ்க்கிறது. பள்ளத்தாக்கின் மறுகரையில் நிற்கும் மானை 300 என்று நினைத்துச் சுட்டு, அது 370 ஆக இருந்துவிட்டால், தோட்டா காலில் படும், அல்லது அதைவிட மோசமாக வயிற்றில் படும்.

வில்லில் இந்த விபரீதம் மிக அருகிலேயே தொடங்கிவிடுகிறது. நொடிக்கு 85 மீட்டர் வேகத்தில் பாயும் அம்பு, காற்றின் இழுவையைச் சேர்க்காமல் கணக்கிட்டாலே, 35 மீட்டரில் 83 சென்டிமீட்டரும் 40 மீட்டரில் 109 சென்டிமீட்டரும் விழுந்திருக்கும். தூரத்தில் ஐந்து மீட்டர் பிசகினால், வில்லைச் சற்று மேல்நோக்கிப் பிடிப்பதில் பாதி ஈடாகிவிட்டாலும், குறியில் சுமார் 13 சென்டிமீட்டர் பிசகு. மானின் உயிர்நிலை அமைந்த பகுதியின் நடுவிலிருந்து விளிம்புக்கே ஏறத்தாழ அவ்வளவு தூரம்தான். ஆகவே ரேஞ்ச்ஃபைண்டர் ரைஃபிள்காரரைவிட வில்காரருக்கு அதிகம் தேவை. விளம்பரம் என்னவோ 1500 யார்டைப் பற்றியே பேசுகிறது.

பெட்டியில் உள்ள எண்ணுக்கு வருவோம். கருவி செய்யும் வேலை எளிது: கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளித்துடிப்பை அனுப்புகிறது, அது பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கிறது, ஒளியின் வேகத்தால் பெருக்கிப் பாதியாக்குகிறது. 300 மீட்டர் போய்த் திரும்ப ஒளிக்கு ஒரு நொடியில் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு போதும். இவ்வளவு நுணுக்கமான கடிகாரம் உள்ளங்கைக்குள் அடங்கி, சாமானியர் வாங்கும் விலைக்கும் வந்துவிட்டது என்பது எனக்கு இன்றும் வியப்புத்தான். ஆனால் கடிகாரம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஒளி திரும்பி வந்தால்தான் கணக்கு. பெட்டியில் எழுதியிருக்கும் 1000 யார்டு என்பது சாலைக் குறிப்பலகை போல ஒளியை அப்படியே திருப்பி அனுப்பும் பரப்புக்கு உரியது. மரத்துக்கு அது 600, 700 ஆகக் குறையும். மானின் ரோமத்துக்குப் பாதிக்கும் கீழே வரலாம். நல்ல நிறுவனங்கள் இந்த மூன்று எண்களையும் தனித்தனியாக அச்சிடுகின்றன. மான் என்று எழுதியிருக்கும் எண்ணை மட்டும் படியுங்கள். அப்படி ஓர் எண்ணே இல்லாமல் பெரிய எழுத்தில் ஒற்றை எண் மட்டும் போட்டிருந்தால், மூன்றில் ஒரு பங்கை நம்புங்கள், மற்றதை விற்பவருக்கே விட்டுவிடுங்கள்.

அந்த எண்ணும் நல்ல வானிலைக்கு உரியது. "நல்ல வானிலை" என்றால் வெயில் என்று நினைக்க வேண்டாம். இந்தக் கருவிகள் பெரும்பாலும் 905 நானோமீட்டர் அலைநீளத்தில் வேலை செய்கின்றன. சூரிய வெளிச்சத்திலும் அதே அலைநீளம் கொட்டிக் கிடக்கிறது. உச்சி வெயிலில் கருவியின் உணரிக்குச் சந்தைக்கடை இரைச்சலில் கிசுகிசுப்பைக் கேட்பது போன்ற நிலைமை. மேகம் மூடிய மாலையில் அதே கருவி இன்னும் தூரம் எட்டும். மூடுபனியும் மழையும் வேறு கதை: நீர்த்துளிகளே ஒளியைத் திருப்பி அனுப்பி, 20 மீட்டர் என்று பொய் சொல்ல வைக்கும்.

பிறகு கற்றையின் அகலம். லேசர் என்றதும் ஊசி போல ஒரு கோடு போகும் என்று நினைக்கிறோம். உண்மையில் அது டார்ச் வெளிச்சம் போல விரிகிறது, மெதுவாக. ஒரு மில்லிரேடியன் (மிகச் சிறிய கோண அளவு) விரிவு என்றால் 1000 மீட்டரில் ஒரு மீட்டர் அகலம். மலிவுக் கருவி ஒன்றின் கற்றை 3 மில்லிரேடியன் விரிவதாக வைத்துக்கொண்டால், 400 மீட்டரில் அது 1.2 மீட்டர் அகலத்துக்குப் படர்ந்திருக்கும். மானின் நெஞ்சு ஆழம் அரை மீட்டர்கூட இல்லை. ஒளியில் பெரும்பகுதி மானைத் தாண்டிப் பின்னால் இருக்கும் மேட்டில் விழும். கருவி எதைச் சொல்கிறது, மானையா மேட்டையா? விலை கூடிய கருவிகள் விலை கூடியதாக இருப்பதற்கு நியாயமான காரணம் இந்தக் குறுகிய கற்றைதான். ஆனால் 300 யார்டுக்குள் நிற்பவருக்கு அது அவ்வளவு பெரிய விஷயமில்லை.

உங்களுக்குப் பெரிய விஷயம் புல். ஆரம்ப நாட்களில் ஒரு மாலை, புல்வெளி ஓரத்தில் நின்ற மான் ஒன்றை அளந்தேன். 61 மீட்டர் என்று காட்டியது. மீண்டும் அழுத்தினேன், 61. மூன்றாம் முறை, 188. கண்ணுக்கு அந்த மான் 61 மீட்டரில் இல்லை என்று தெரிகிறது, ஆனால் கையில் இருக்கும் எந்திரம் இரண்டு முறை அடித்துச் சொல்கிறது. எனக்கும் மானுக்கும் நடுவே, என் பார்வைக்கே தெரியாமல், இரண்டு மூன்று உயரமான புல் தண்டுகள் ஆடிக்கொண்டிருந்தன. பச்சை இலை நம் கண்ணுக்கு இருட்டாகத் தெரிந்தாலும் அகச்சிவப்பில் பளிச்சென்று ஒளியைத் திருப்பும். ஆகவே அருகில் இருக்கும் ஒரு தண்டு, தூரத்து மானைவிட உரக்கப் பேசிவிடுகிறது. அன்று நான் சுடவில்லை. வீட்டுக்கு வந்து கையேட்டைப் படித்தபோதுதான் அதில் ஒரு பொத்தான் இருப்பதே தெரிந்தது.

அந்தப் பொத்தான் செய்வது இதுதான்: திரும்பி வரும் ஒளிகளில் முதலில் வந்ததைத் தள்ளிவிட்டு, கடைசியாக வந்ததைக் காட்டும். கடைசி இலக்கு, தூர இலக்கு, புதர் முறை என்று ஒவ்வொருவர் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறார்கள். கோல்ஃப் கருவிகள் இதற்கு நேர் எதிர். பச்சைத் திடலில் நடப்பட்ட மெல்லிய கொடிக்கம்பத்தைப் பிடிப்பதற்காக, பின்னால் இருக்கும் மரங்களை ஒதுக்கி, முதலில் தென்படும் பொருளைக் காட்டுமாறு அவை அமைக்கப்படுகின்றன. காட்டில் அப்படி அளந்தால் ஒவ்வொரு கிளையும் கொடிக்கம்பமாகிவிடும். தம்பியின் கருவியில் முறையை மாற்றும் வசதி இருந்தால் அதை வைத்தே ஒரு பருவம் ஓட்டுங்கள். இல்லையென்றால் திறந்த வெளிக்கு மட்டும் ஆகும். இன்னொன்று: கோல்ஃப் கருவிகள் பலவும் சாய்வைக் கோல்ஃப் பந்தின் போக்குக்குத் தகுந்தபடி கணக்கிடுகின்றன. மேட்டை நோக்கி அடித்தால் தூரத்தைக் கூட்டிச் சொல்லும். தோட்டாவுக்கும் அம்புக்கும் குறைத்துச் சொல்ல வேண்டும். எனவே வேட்டையில் அந்தச் சாய்வு வசதியை அணைத்தே வையுங்கள்.

இனி திரை. என் கருத்தில் மலிவுக் கருவி வாங்குபவர் பணத்தைக் கொட்ட வேண்டிய இடம் இதுதான், ஆனால் கடையில் யாரும் இதைப் பற்றிக் கேட்பதில்லை. காரணம், கடையில் எப்போதும் வெளிச்சம்.

மான் வெளியே வரும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். சூரியன் மறைந்து இருபது நிமிடம். மரங்களின் அடியில் ஏற்கெனவே கருமை. மலிவான கருவிகளில் எண்கள் கறுப்பு நிறத் திரவப்படிகத் திரையில் வருகின்றன, பழைய கைக்கடிகாரம் போல. கருமையான மானின் மீது, கருமையான காட்டின் முன்னால், கறுப்பு எண். அது இருப்பதே தெரியாது. கருவியைத் தூக்கி வானத்தைப் பார்த்தால் எண் தெரியும், அதற்குள் அளவு மறைந்துவிடும். இந்தக் கூத்தை நான் ஒரு பருவம் முழுவதும் ஆடியிருக்கிறேன். போதாக்குறைக்கு, அந்தத் திரை பார்வைப் பாதையிலேயே குறுக்கே நிற்பதால் வரும் வெளிச்சத்தில் ஒரு பகுதியையும் தின்றுவிடுகிறது. காட்சி எப்போதும் லேசான சாம்பல் பூசியதுபோல் இருக்கும்.

சிவப்பில் ஒளிரும் எண்கள் உள்ள கருவியில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா என்று பாருங்கள். குறைக்க முடியாத சிவப்பு, அந்தியில் கண்ணில் தீக்குச்சி கிழித்ததுபோல் எரிந்து, இருட்டுக்குப் பழகிய பார்வையைக் கெடுக்கும். கூட்ட முடியாத சிவப்பு, பனிப் பரப்பிலும் நண்பகலிலும் கரைந்துபோகும். இரண்டும் கைவசம் இருக்க வேண்டும்.

லென்ஸ் கணக்கு இதோடு சேர்ந்தது. 6×21 என்றால் ஆறு மடங்கு உருப்பெருக்கம், 21 மில்லிமீட்டர் லென்ஸ். 21ஐ 6ஆல் வகுத்தால் 3.5 மில்லிமீட்டர்: கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம். அந்தியில் உங்கள் கண்மணி ஐந்து, ஆறு மில்லிமீட்டர் வரை விரியும், ஆகவே கண் கேட்கும் அளவு வெளிச்சம் வரப்போவதில்லை. வில் மட்டும் எய்பவருக்கு 4×20 நல்லது, ஒளிவட்டம் 5 மில்லிமீட்டர், பார்வைப் பரப்பும் அகலம். இரண்டும் செய்பவருக்கு 6 மடங்கு சரியான நடுவழி. 8 மடங்கு வேண்டாம். கை நடுக்கமும் சேர்ந்து எட்டு மடங்காகும். எப்படியும் மிருகத்தைத் தேடுவது பைனாகுலரின் வேலை, ரேஞ்ச்ஃபைண்டரின் வேலை இல்லை. பைனாகுலர் இல்லாதவர் முதலில் அதை வாங்கட்டும்.

சாய்வுக் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் இதில் பயமுறுத்தி விற்பது நடக்கிறது. மேலிருந்து கீழோ கீழிருந்து மேலோ சுடும்போது, புவியீர்ப்பு வேலை செய்வது ஏறத்தாழ கிடைமட்டத் தூரத்துக்குத்தான். 30 பாகைச் சரிவில் 40 மீட்டர் என்று லேசர் அளந்தால், கிடைமட்டம் 34.6 மீட்டர். மேலே சொன்ன அம்புக் கணக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: ஏறத்தாழ அதே 13 சென்டிமீட்டர் பிசகு, இம்முறை மேலே. மலைச்சரிவில் வில்லோடு திரிபவருக்கு இந்த வசதி கட்டாயம் வேண்டும். ஆனால் மரத்தின் மீது பரண் கட்டி உட்காருபவருக்கும் இதையே சொல்லி விற்கிறார்கள். ஆறு மீட்டர் உயரப் பரணிலிருந்து, அடிமரத்துக்கு 18 மீட்டர் தள்ளி நிற்கும் மானைச் சாய்வாக அளந்தால் 19 மீட்டர். ஒரு மீட்டர் வித்தியாசத்துக்கு எந்த அம்பும் தவறாது. மரத்தைச் சுற்றியுள்ள தூரங்களைக் கண் மட்டத்தில் அளந்து வைத்துக்கொண்டால் அந்த ஒரு மீட்டரும் இல்லை. நல்லவேளையாக, இன்று மலிவுக் கருவிகளிலேயே இந்த வசதி வந்துவிட்டது. புஷ்னெல் இதை ஆர்க் என்கிறது, வோர்டெக்ஸ் ஹெச்.சி.டி. என்கிறது, நிக்கான் ஐ.டி. என்கிறது. அடிப்படையில் எல்லாம் பள்ளிக்கூடத்துக் கொசைன்தான். இதற்காகத் தனியாக அதிகப் பணம் கேட்டால் அடுத்த கருவியைப் பாருங்கள்.

தோட்டாவின் போக்கைக் கணக்கிட்டுச் சொல்லும் வசதி, கைப்பேசியோடு இணையும் வசதி, காற்றழுத்த உணரி, புள்ளிக்குப் பின் ஒரு தசம எண் ஆகியவற்றுக்கு உங்கள் தூரத்தில் வேலை இல்லை. தசம எண் குறிப்பாக ஒரு கண்கட்டு. திரை 183.4 என்று காட்டலாம். கருவியின் துல்லியமே ஒரு யார்டு கூடவோ குறையவோ இருக்கலாம் என்று அதன் கையேட்டிலேயே எழுதியிருக்கும்.

வாங்கியதும் செய்ய வேண்டிய ஒரு சோதனை இருக்கிறது. திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் செய்துவிடுங்கள், அந்தக் கெடு இல்லாத கடையில் வாங்கவே வேண்டாம். திரையில் தெரியும் குறிவட்டமும் லேசர் கற்றையும் ஒரே இடத்தைப் பார்க்கின்றனவா என்பதுதான் சோதனை. பல மலிவுக் கருவிகளில் பார்ப்பதில்லை. 100 மீட்டர் சுமாருக்கு அப்பால், பின்னால் வானத்தைத் தவிர வேறொன்றும் இல்லாத கம்பம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கருவியை ஒரு மணல்மூட்டையின் மீதோ முக்காலியிலோ வையுங்கள். தொடர்ந்து அளக்கும் முறையில் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கம்பத்தின் இடப்பக்க வெறும் வானத்திலிருந்து மிக மெதுவாக வலப்பக்கம் நகர்த்துங்கள். எண் எப்போது தோன்றுகிறது, எப்போது மறைகிறது? குறிவட்டத்தின் வலது விளிம்பு கம்பத்தைத் தொட்டதும் எண் தோன்றி, இடது விளிம்பு விலகியதும் மறைந்தால், எல்லாம் நேர். கம்பம் வட்டத்துக்கு நடுவில் இருக்கும்போது எண் வராமல், கொஞ்சம் தள்ளிப் போனபிறகு வந்தால், கற்றை கோணலாக இருக்கிறது. பிறகு ஒரு கூரை விளிம்பை வைத்து மேலும் கீழும் இதையே செய்யுங்கள். சிறிய கோணல் என்றால் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டு சமாளிக்கலாம். வட்டத்துக்கு வெளியிலேயே அளக்கிறது என்றால் பெட்டியில் போட்டு அனுப்பிவிடுங்கள். எண் சரியா என்று பார்க்க ஓட்டப் பந்தயத் திடலின் 100 மீட்டர் நேர்பாதை போதும்.

திடலில் நிற்கும்போதே யார்டா மீட்டரா என்பதையும் பாருங்கள். ஒரு யார்டு 0.9144 மீட்டர். ஸ்கோப்பை யார்டில் சரிசெய்துவிட்டு, கருவி மீட்டரில் காட்டுவதைக் கவனிக்காமல் 350 என்று படித்தால், மான் உண்மையில் 383 யார்டில் நிற்கிறது. அமைப்பை மாற்றும் பொத்தான் பையில் தானாக அழுந்திக்கொள்வதும் உண்டு.

மற்றவை சுருக்கமாக. தண்ணீர் தாங்கும் தரக்குறி: ஐ.பி.எக்ஸ்.4 என்றால் தூறல் தாங்கும், ஐ.பி.எக்ஸ்.7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். மழைக்காட்டுக்காரர் இரண்டாவதைத் தேடட்டும். பேட்டரி: சி.ஆர்.2 லித்தியம் போடும் கருவியே என் விருப்பம். மின்னேற்றம் செய்யும் வகை குளிரில் சோர்ந்துவிடும், காட்டில் அதற்கு மாற்று இல்லை. ஓர் உதிரி பேட்டரி சட்டைப் பையில், உடல் சூட்டில் இருக்கட்டும். ஒரு கையால் எடுத்து அளந்து திரும்ப வைக்க முடிகிறதா, கையுறையோடு பொத்தான் அகப்படுகிறதா என்றும் பாருங்கள். பொத்தானின் "டிக்" சத்தம் 20 மீட்டரில் நிற்கும் மானுக்குக் கேட்கும்.

பழைய கருவி வாங்கலாமா என்றால், வாங்கலாம், நேரில் பார்த்து. நல்ல நிறுவனம் ஒன்றின் ஐந்து ஆண்டுப் பழைய கருவி, பெயர் தெரியாத புதியதைவிடப் பெரும்பாலும் மேல். வெயில் விழும் பக்கம் லென்ஸைச் சாய்த்து உள்ளே பூஞ்சை நூல் படர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கம்பச் சோதனையை விற்பவர் முன்னாலேயே செய்யுங்கள்.

ஓர் எச்சரிக்கை. வில்லிலோ துப்பாக்கியிலோ பொருத்தும் மின்னணுக் கருவிகளை வேட்டை விதிகள் தடுக்கும் இடங்கள் உண்டு. கையில் பிடிக்கும் கருவிக்குப் பொதுவாகத் தொல்லை இல்லை, இருந்தாலும் நீங்கள் உரிமம் வாங்கும் இடத்தின் விதிப்புத்தகத்தை ஒரு முறை புரட்டிவிடுங்கள்.

மலிவுக் கருவியை விலை உயர்ந்ததுபோல் வேலை செய்ய வைக்கும் வழி ஒன்று இருக்கிறது. மான் வந்தபிறகு மானை அளக்காதீர்கள். உட்கார்ந்தவுடன், நல்ல வெளிச்சத்தில், சுற்றியுள்ள பாறை, பட்ட மரம், வேலிக் கம்பம், ஓடைக்கரை என்று ஏழெட்டை அளந்து, அட்டைத் துண்டில் பென்சிலால் ஒரு படம் வரைந்துகொள்ளுங்கள். ரோமத்தைவிட மரப்பட்டை ஒளியை நன்றாகத் திருப்பும், அது ஓடிப்போகவும் செய்யாது. சாயங்காலம் மான் அந்தப் பட்ட மரத்துக்கும் பாறைக்கும் நடுவில் வந்து நிற்கும்போது, அட்டையில் 140 என்றும் 165 என்றும் ஏற்கெனவே எழுதியிருக்கும். கருவி அப்போது பையிலேயே இருக்கலாம்.